துரத்திப் பிடித்த கதை

காலையில் மேலதிகாரியைப் பார்க்கப் போகும் துப்பறிவாளருக்கு மனைவி சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள். பணத்தைக் கையாடிவிட்டுத் தலைமறைவாக இருந்த காசாளன் நேற்று தானாகவே இந்த வீட்டுக்கு வந்து சரணடைந்திருந்தான். அறிக்கையில் அப்படியே எழுதினால் அவனுக்குத் தண்டனை குறையும்; எழுதுவதாக இவர் வாக்கும் கொடுத்திருந்தார். ஆனால் பிடித்தவருக்குத்தான் பரிசுப் பணம். அறிக்கைத் தாள் இன்னும் வெறுமையாகவே கிடந்தது.

"துரத்திப் பிடிச்சேன்னு எழுதினா யாருக்குத் தெரியப் போகுது?"

"காலிங்பெல் அடிச்சு, காலைத் துடைச்சிட்டு வந்தவனை எங்கங்க துரத்துனீங்க? சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவுலயா?"

"நம்ம வீட்டுக்காகத்தானே யோசிக்கிறேன்."

"வீட்டை இழுக்காதீங்க. அவனுக்கு டீ போட்டுக் குடுத்தவ நான்."

அவர் பேனாவை எடுத்து, 'துரத்தி' என்று தொடங்கினார். அவள் தேய்த்த சட்டையைக் கசக்கிச் சுருட்டி அவர் மடியில் போட்டாள்.

"ஓடிப் பிடிச்சவர் சட்டை இப்படித்தான் இருக்கணும்."

"ஏய், இதை எப்படிப் போட்டுட்டுப் போறது?"

அவள் திரும்பிப் பார்க்காமல் அறையை விட்டுப் போனாள்.