நிவேதனா பூட்டிய டிஸ்க்

நீர்வேலிச் சந்திக்குக் கிட்ட, வாழைக்குலை ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில் நிவேதனா கொம்பியூட்டர் திருத்துகிறாள். வியாபாரம் தெரியாத பிள்ளை என்று அவளுடைய முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். புது லாப்டொப் எடுத்துத் தரச் சொல்லிப் போன என்னிடம், "உதுக்கு என்ன குறை? ஹாட் டிஸ்க்கைக் கழட்டிப்போட்டு எஸ்.எஸ்.டி. பூட்டுவம், இன்னும் நாலு வருசம் ஓடும்" என்றாள். ஓடுகிறதுதான். அதில்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. யாருடைய படத்தையும் கடிதத்தையும் திறந்து பார்க்க மாட்டாள். பிரதி எடுத்தால், எல்லாம் வந்து சேர்ந்ததா என்று பெயரையும் திகதியையும் மட்டும் சரிபார்ப்பாள். அந்தத் திகதிதான் வினையாகிப் போனது.

ஆவணியில் ஒரு காலை, என் லாப்டொப்புக்காக நான் காத்திருந்தபோது, புத்தூரிலிருந்து மகாதேவி டிவியில் கொழுவி விளையாடுகிற ஒரு கேம் பெட்டியைச் சீலைத்துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். அவருடைய கணவர் அருட்செல்வன் வெங்காயத் தோட்டக்காரர். மாசி மாதம், விடியப்புறம் தண்ணீர் இறைக்கப் போன இடத்தில் பாம்பு கடித்து இறந்துபோனார். உயிரோடு இருந்தபோது, பகலெல்லாம் தோட்டத்தில் பாடுபட்டுவிட்டு வந்து, பின்னேரம் இந்தப் பெட்டியிலும் தோட்டம் செய்கிற கேமைத்தான் விளையாடுவாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. மகாதேவியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"டிக்கு டிக்கு எண்டு சத்தம் போடுது பிள்ளை. அவரின்ரை தோட்டம் அழியாமல் திருத்தித் தாங்கோ. கெதியாத் தாங்கோ."

"டிஸ்க் பழுதாகப் போகுது அக்கா. வெளியிலை கொழுவிற டிஸ்க் மலிவுதான். ஆனா அதிலை கேமைத்தான் வைக்கலாம். அண்ணை செய்த தோட்டம் உள் டிஸ்க்கிலைதான் நிக்கும். முதல் அதைப் பென் டிரைவிலை எடுத்துப்போட்டு, உள்ளுக்கு எஸ்.எஸ்.டி. பூட்டுவம். ஐந்நூறு ஜிபி காணும், பெரிசு வாங்கிக் காசைக் கரியாக்காதேங்கோ."

மகாதேவி வாங்கில் உட்கார்ந்தபடி, எவ்வளவு நேரம் செல்லும் என்று மூன்று தரம் கேட்டார்.

பிரதி எடுத்து முடிந்து, பட்டியலைச் சரிபார்த்த நிவேதனாவின் கை நின்றுவிட்டது. என்னைக் கண்ணால் கூப்பிட்டாள். கேமில் தோட்டத்தைக் கடைசியாகச் சேமித்த பதிவு மேலே இருந்தது, அன்றைய திகதி. நேரம் காலை நாலு நாற்பது. அதற்குக் கீழே முதல் நாள், நாலு நாற்பது. அதற்கு முதல் நாளும் அப்படியே. மாசி வரைக்கும் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

"பெட்டியின்ரை மணிக்கூடு பிழையாயிருக்கும்" என்றேன். அவள் பார்த்தாள். நிமிடம் பிசகாமல் சரியாக இருந்தது.

புது டிஸ்க்கைப் பூட்டி, எடுத்த பிரதியை அதில் திருப்பி ஏற்றினாள். தோட்டம் வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டுமே, கேமைப் போட்டாள். பாத்திகள் வரிசையாக இருந்தன. இப்போதுதான் தண்ணீர் விட்டதுபோல மண் ஈரமாக இருந்தது.

சொல்லாதே என்று அவளுக்குத் தலையாட்டினேன். ஒளித்து வைக்கத் தெரிந்த பிள்ளையா அவள்?

"அக்கா, வீட்டிலை உதை ஆர் போடுறது?"

"ஒருத்தரும் போடுறேல்லை. நான் தனிய. எனக்கு உதைப் போடவும் தெரியாது."

"போடாத பெட்டியிலை சத்தம் எப்பிடியக்கா கேட்டது?"

மகாதேவி பெட்டியை வாங்கிச் சீலைத்துண்டில் பக்குவமாகச் சுற்றினார். முகத்தில் பயம் கொஞ்சமும் இல்லை.

"நாளைக்கு விடியிறதுக்கு முந்திக் கொண்டுபோய்க் கொழுவ வேணும் பிள்ளை. அவருக்கு இறைப்பு மினக்கெடக் கூடாது."