மேல்மாடி வாசனை

கடையில் என் பெரியம்மாவுக்கு மோப்பம் அக்கா என்று பெயர். அவள் காதுபட யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். அவளுக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

பேர்பெற்ற ஒரு கம்பெனியின் பெரிய துணிக்கடை அது. அந்தக் கம்பெனியின் பையைக் கசங்காமல் மடித்து வைத்து, வேறு வேலையாக வெளியே போகும்போதும் கையில் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் ஊரில் உண்டு. பெரியம்மாவின் இடம் அந்தப் பளபளப்பில் இல்லை. கீழ்த்தளத்தில், கிடங்கை ஒட்டி, பின்வாசல் அருகே ஒரு மேசை. வாங்கிய துணி வேண்டாம் என்றால் அங்கேதான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவள் வருவதும் போவதும் பின்வாசல் வழியாகத்தான். மேல்மாடிகளை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

"மேல எல்லாரும் சிரிச்ச முகமாத்தான் போவாங்க. சுயரூபம் என்கிட்ட வரும்போதுதான் தெரியும்" என்பாள்.

விலை அட்டையைக் கழற்றாமல் கழுத்துக்குள் ஒளித்து, ஒரே ஒரு விருந்துக்குப் போட்டு, படம் எடுத்து எல்லாருக்கும் காட்டிவிட்டு, மறுநாள் "அளவு சரியில்லை" என்று வருகிறவர்களைத்தான் சொல்கிறாள். இந்தப் பழக்கம் பரவப் பரவக் கடையில் அவள் மதிப்பும் ஏறியது. சட்டையை உள்பக்கம் புரட்டி அக்குளில் மூக்கை வைப்பாள். பிறகு கழுத்துப் பட்டையில். வியர்வையோ பவுடரோ சென்ட்டோ தட்டுப்பட்டால் போதும், துணி வந்த வழியே திரும்பிப் போகும்.

வீட்டிலும் அப்படித்தான். பால், மருந்து, பக்கத்து வீட்டுப் பலகாரம், எதுவும் அவள் மூக்கைத் தாண்டித்தான் உள்ளே வரும். கல்யாணமான புதிதில் பெரியப்பா ஒரு புதுச்சட்டையோடு வந்தபோது, "இது நீங்க எடுத்ததா, யாராவது எடுத்துக் கொடுத்ததா?" என்று கேட்டாளாம். பெரியப்பா இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர்களுடைய ஒரே மகள், எனக்கு அக்கா, கூட வேலை பார்ப்பவரைக் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு முறை வீட்டுக்கு வந்து போனார். தலை முதல் கால் வரை பெரியம்மா கடைத் துணி. இருபது வருடமாக அந்தக் கம்பெனியைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை என்று பெருமையாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நாள் குறிக்க வருவதாகப் பேச்சு.

"ஒரே கடைமேல இவ்வளவு விசுவாசமா? எங்கயோ இடிக்குதே" என்றாள் பெரியம்மா, அவர்கள் கார் தெருமுனை திரும்புவதற்குள்.

அந்த வாரத்திலேயே சம்பந்தியம்மா நீலச் சட்டை ஒன்றோடு கீழ்த்தளத்துக்கு வந்தார். "நீங்க இருக்கீங்கன்னுதான் நானே வந்தேன். தோள்பட்டை பிடிக்குது."

வேண்டியவள் என்று சலுகை எதிர்பார்க்கிறாள் என்று பெரியம்மாவின் மனதில் ஓடியது. அவர் கண்ணெதிரேயே சட்டையைப் புரட்டி மோந்தாள். கழுத்தில், கையில், எங்கும் சென்ட்.

"போட்டிருக்கீங்க."

"நானா? வீட்டுல ஒரு தடவை அளவு பார்த்ததோட சரி."

"அளவு பார்க்கச் சென்ட் எதுக்கு?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சம்பந்தியம்மா சட்டையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் அக்காவுக்கு மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வரவில்லையாம். அம்மா இனி இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்கிறாராம்.

"உன் மூக்குக்கு நான்தான் கிடைச்சேனா?" என்று அக்கா அழுதாள்.

"போட்ட துணியத் திருப்புறவ நாளைக்கு மருமகளயும் திருப்புவாடி. இப்பவே தெரிஞ்சதுக்குச் சந்தோஷப்படு."

அக்காவைத் தேற்றத்தான் நான் போயிருந்தேன். வழியில் அதே கடையின் மேல்மாடியில் எனக்கொரு மேல்சட்டை வாங்கியிருந்தேன். பேச்சை மாற்றலாமே என்று அதை வெளியே எடுத்தேன். பெரியம்மாவின் மூக்கு விடைத்தது. வாங்கி மோந்தாள். சம்பந்தியம்மாவிடம் கொடுத்தனுப்பக் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த நீலச் சட்டையை மோந்தாள். திரும்ப என்னுடையதை.

"எவளோ போட்டுக் கழட்டினத உன் தலையில கட்டிட்டாங்கடி" என்றாள். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

மறுநாள் அவள் முதல் முறையாக முன்வாசல் வழியாக மேல்மாடிக்குப் போனாள். மாட்டியிருந்த துணியையெல்லாம் ஒவ்வொன்றாக மோந்துகொண்டே போனாள். எல்லாம் புதியவை. எல்லாவற்றிலும் அதே சென்ட். மேனேஜர் ஓடி வந்தார். கூரையில் காற்று வரும் சல்லடையைக் காட்டினார். அது வழியாகச் சென்ட் வாசனையைப் பரப்பும் கருவியாம், போன மாதம் பொருத்தியதாம். இந்த மாடியில் மட்டும் ஒரு சோதனை முயற்சி. வாசனை மனதில் தங்கிவிட்டால் வாங்குகிறவர்கள் வேறு கம்பெனியைத் தேடிப் போக மாட்டார்களாம்.

"என்கிட்ட ஏன் சார் சொல்லல? போன மாசத்துலேர்ந்து எத்தனை பேரத் திருப்பி அனுப்பியிருக்கேன்."

"அதான்கா, திரும்பி வர்றது குறைஞ்சிருக்குன்னு மேலிடத்துல ரொம்ப சந்தோஷம். அப்படியே விடுங்களேன்."

பெரியம்மா அவரை ஒரு முறை பார்த்தாள். திருப்ப வந்த சட்டையைப் பார்ப்பது போல.

அன்றே அரை நாள் விடுப்புப் போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு சம்பந்தியம்மா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவர் உள்ளே வரச் சொல்லவில்லை.

"தப்பு என்மேலதான். நீங்க போடல. அந்த வாசனை கடையோடது" என்றாள் பெரியம்மா, வாசலில் நின்றபடியே. என் மேல்சட்டையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது புதுசு. நீங்களே பாருங்க."

சம்பந்தியம்மா வேண்டா வெறுப்பாக மோந்தார். இன்னொரு முறை மோந்தார். முகம் வெளுத்தது.

"கடையோடதா? நல்லாத் தெரியுமா உங்களுக்கு?"

"மேனேஜரே சொன்னார்."

அவர் எங்கள் இருவரையும் அலமாரி இருந்த அறைக்குக் கூட்டிப் போனார். அவர் வாங்கிக் குவித்த புதுத்துணிகளோடு ஒட்டி, அதே கம்பியில், கணவரின் சட்டைகள் தொங்கின. ஒன்றை எடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தார். அவள் மோந்து பார்த்துத் தலையாட்டினாள். அதே வாசனை.

"யாரோட சென்ட்டுன்னு எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லீங்க" என்றார் சம்பந்தியம்மா மெதுவாக. "அவரோட பை, போன் எல்லாத்தையும் பார்த்துட்டேன். நாள் கணக்கா அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசல."

பெரியம்மா அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். "நானா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன் சம்பந்தி" என்றாள். அவள் வாயிலிருந்து அதைவிடப் பெரிய சமாதானம் நான் கேட்டதில்லை. சம்பந்தியம்மா சிரித்துவிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஞாயித்துக்கிழமை வர்றோம். ஆனா கல்யாணத் துணி மட்டும் அந்தக் கடையில வேண்டாம்."

"அந்தக் கடைன்னா நானே விட மாட்டேன்."

அப்போது கூடத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் கணவர். சம்பந்தியம்மா எழுந்து போனார்.

"வந்துட்டீங்களா? களைப்பா இருப்பீங்க, காபி தரட்டுமா?"

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். மனைவியைப் பார்த்தார். அறை வாசலில் தன் சட்டையோடு நின்ற பெரியம்மாவைப் பார்த்தார்.

"காபியா? எதுக்கு?" என்றார்.