கவுனுக்குப் பத்து வயது

துரையும் துரைசாணியும் ஜப்பான்காரனுக்குப் பயந்து காரேறித் தெற்கே ஓடியபோது, பங்களாவின் கதவைப் பூட்டக்கூட அவர்களுக்கு நேரமில்லை. சுங்கை லாலாங் பக்கத்தில் இருந்த எங்கள் எஸ்டேட் சனம் முழுவதும் உள்ளே புகுந்தது. ஆளுக்கொன்றாகத் தூக்கினார்கள். நாற்காலி, தட்டு, கடிகாரம். அந்த வீட்டில் ஆயாவாக வேலை பார்த்த என் அம்மா ஒரே ஒரு கவுனை எடுத்துவந்தாள். எனக்குப் பாவாடை தைக்கலாமே என்று ஆசை. எனக்கு அப்போது ஆறு வயது.

நீலப் பட்டு, கழுத்தில் வெள்ளை மணி. கிறிஸ்துமஸ் விருந்துக்கென்று அதற்கு முந்தின மாதம்தான் தைத்தது. விருந்தும் நடக்கவில்லை, துரைசாணி அதை ஒரு நாளும் போடவுமில்லை. தைத்தவர் பக்கத்து டவுனான பீடோங்கில் இருந்த தையல்காரர். துணியைக் கொடுக்கப் போனபோதும் கவுனை வாங்கப் போனபோதும் அம்மாவோடு நானும் போனேன். அவர் மிஷினுக்கடியில் சிந்திய மணிகளைப் பொறுக்கிக் கொடுத்தவளே நான்தான்.

கொஞ்ச நாளில் ஜப்பான்காரன் உத்தரவு வந்தது. பங்களாச் சாமான் யாரிடம் இருந்தாலும் அவன் திருடன், தலை போகும். அம்மா பயந்துபோய்க் கவுனை ஒரு பிஸ்கட் டின்னில் அடைத்துக் கோழிக்கூட்டுக்கு அடியில் புதைத்தாள். இரண்டு மாதம் விடாத மழை. அடுப்பில் போட்டுத் தொலைத்துவிடலாம் என்றுதான் பிறகு தோண்டி எடுத்தாள். பாழாய்ப்போன மனசு வரவில்லை. கொடியில் காயப்போட்டாள். எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி கண்ணில் பட்டுவிட்டது.

இது துரைசாணி எப்போதோ கொடுத்த பழைய கவுன் என்று அம்மா சாதித்தாள். வருடா வருடம் துரைசாணி ஆயாவுக்குப் பழந்துணி கொடுப்பது ஊரறிந்த சங்கதி. புதுத்துணி கொடுக்கவே மாட்டாள் என்பதும் ஊரறிந்ததுதான். ஆக, கவுன் பழசென்றால் அம்மா பிழைத்தாள், புதிதென்றால் தீர்ந்தாள். கிராணி கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் ஒரே கழுத்துதானே. ஜப்பான்காரனிடம் விஷயத்தைச் சொல்லி, வெள்ளைக்காரர்களுக்குத் துணி தைத்த ஒரே ஆள் என்று பீடோங் தையல்காரரையே வரவழைத்துவிட்டார்.

பங்களா வராந்தாவில் ஜப்பான் அதிகாரி உட்கார்ந்திருந்தான். மேசைமேல் கவுன். தையல்கார மாமா அதை உள்பக்கம் திருப்பித் தையலைத் தடவினார். கை சற்று நின்றது. அம்மாவை ஒரு தரம் பார்த்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். தான் தைத்தது அவருக்குத் தெரியாதா என்ன?

அவர் துருவேறிய கொக்கிகளைக் காட்டினார். பழுத்துப்போன உள்துணியைக் காட்டினார். ஒரு நூலை இழுத்தார், அறுந்தது. "லாமா, துவான்" என்று மலாயில் சொல்லி, பத்து விரலையும் விரித்தார். பத்து வருடப் பழசாம். அதிகாரி தானும் ஒரு நூலை இழுத்துப் பார்த்தான். அதுவும் அறுந்தது.

கிராணி குரலைத் தாழ்த்தினார். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க பாய். தப்பாப் போனா ஒங்க தலையும் போயிரும்லா."

"முப்பது வருசமா ஊசி புடிக்கிறேன், கிராணி. இந்தப் புள்ளைக்கு மூத்த துணி இது."

எனக்குப் பொறுக்கவில்லை. மாமா, நீங்கதானே தைச்சீங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் முகத்தை இழுத்துத் தன் வயிற்றோடு அமுக்கிக்கொண்டாள். மூச்சு முட்டியது. நான் திமிறி வெளியே வந்தபோது அதிகாரி எழுந்து போயிருந்தான். கவுன் அம்மாவின் காலடியில் கிடந்தது.

வழியெல்லாம் நான் அம்மாவுக்கு விளக்கினேன். மழையில் பிடித்த துரு அது, அதைப் போய் வயசென்று நினைத்துவிட்டாரே, இந்த மனுசனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றேன். இன்னொரு தரம் பேசினால் வாயில் சூடு வைப்பேன் என்றாள் அம்மா. உண்மையைச் சொன்னால் சூடா என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அடுத்த வாரம், மரவள்ளிக்கிழங்கே சோறாக இருந்த காலத்தில், வீட்டிலிருந்த முட்டையிடும் கோழியைத் தூக்கிக்கொண்டு அம்மா பீடோங் போனாள். கவுனில் மக்காத துண்டை வெட்டி எனக்குப் பாவாடை தைக்கச் சொன்னாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் கோழியை மிஷின் காலில் கட்டினாள். தப்பாகச் சொன்னவருக்கு எதற்குக் கோழி? எனக்கு வயிறெரிந்தது.

"இவருகிட்ட வேணாம்மா. தான் தைச்சதே இவருக்கு அடையாளம் தெரியல."

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் தெருப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா நாடாவை என் இடுப்பில் சுற்றினார்.

"ஆமா பாப்பா, எனக்கு மறதி சாஸ்தி."

அப்படியானால் அளவையாவது மறக்காமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். அவரும் மறு பேச்சில்லாமல் எழுதிக்கொண்டார்.