மூச்சு விட்ட பிணம்

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பத்திரிகையில் வரப்போகும் என் கட்டுரையை விழுப்புரம் ரயிலில் பெருமையோடு திருத்திக்கொண்டிருந்தேன். பிரபல இயக்குநர் ஒருவர் தொடக்கத்தில் குறைந்த செலவில் எடுத்த கொலைப் படம் பற்றியது.

எதிரே இருந்த தொப்பைக்காரர் அடிக்கடி மூச்சடக்கி வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டார். என் போனை எட்டிப் பார்த்தவர், “அதுல பொணமா படுத்தது நான்தாம்மா” என்றார்.

“மூச்சு விடுற பொணமா?”

“கொசு கடிச்சிடுச்சும்மா. திரும்ப எடுக்கக் காசில்ல. அப்போ விமர்சனத்துல என்னைக் கிழிச்சாங்க. டைரக்டரு பெரிய ஆளானதும், அதே மூச்சுக்கு அர்த்தம் சொல்லி அவரைப் புகழ்ந்துக்கினு இருக்காங்க. நீ யாரைப் புகழ்ந்திருக்கே?”

‘இயக்குநரின் துணிச்சல்’ என்றுதான் எழுதியிருந்தேன். அதை அழித்துவிட்டு, பெயர் கேட்க நிமிர்ந்தபோது திண்டிவனத்தில் இறங்கிப் போய்விட்டிருந்தார். படத்தின் பெயர்ப் பட்டியலிலும் பிணமாக நடித்தவர் பெயர் இல்லை.

கட்டுரையில் இப்போது ‘கொசு கடித்தும் மூச்சு மட்டுமே விட்ட அந்த நடிகர்’ என்று இருக்கிறது.