ஓடாத காருக்கு முழுக் காப்பீடு

அந்த வீட்டில் மூன்று வண்டிகள் உண்டு. மாமனாருக்குக் கார், புருஷனுக்கு ஸ்கூட்டர், மருமகளான இவளுக்கு ஒரு வேன். மூன்றில் பளபளப்பானது கார்தான். ஏன் பளபளக்காது? அது எங்கேயாவது போனால்தானே அழுக்காகும். மூன்று வருஷத்துக்கு முன் மாமனாருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனது. அன்றிலிருந்து தகரக் கூரைக்குக் கீழே போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது. காலையில் போர்வையை விலக்கித் துடைப்பார். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார், திருப்தியாகத் தலையாட்டுவார், மறுபடி போர்த்திவிடுவார். மகனுக்கு ஸ்கூட்டரைத் தாண்டித் தைரியம் கிடையாது. மருமகள் ஒருமுறை சாவி கேட்டதற்கு, “இது வேலைக்குப் போற வண்டி இல்லம்மா” என்று சொல்லிவிட்டார். வேலைக்குப் போகிற வண்டி வெயிலிலும் மழையிலும் தெருவில் கிடந்தது.

இவளை அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். ‘மிஷின் அக்கா’ என்றால் போதும். வாஷிங் மிஷின் ரிப்பேர்தான் தொழில், அதுவும் கோபத்தில் கற்றுக்கொண்ட தொழில். பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது வீட்டு மிஷின் தண்ணீரை வெளியே விடாமல் நின்றுபோனது. ரிப்பேர் ஆள் மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் காசு வாங்கிக்கொண்டார், கடைசியில் புதுசு வாங்கிவிடுங்கள் என்று கூசாமல் சொன்னார். அவர் படியிறங்கியதும் இவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் போகிற பம்ப்பைக் கழற்றினால், உள்ளே பிள்ளையின் ஒற்றைக் காலுறை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் திட்டிய திட்டு பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கிறது. மறுநாளே பக்கத்து வீட்டம்மா தன் வீட்டு மிஷினையும் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்படிப் பிடித்தது, பதினாறு வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்குப் போனிலேயே மிஷின் சத்தத்தைக் கேட்டு, தேய்ந்தது பேரிங்கா பெல்ட்டா என்று சொல்லிவிடுவாள்.

வேனை வாங்கி எட்டு வருஷமாகிறது. முழுக்க அவள் சம்பாத்தியம். மோட்டார், குழாய், பெல்ட், மிஷினைத் தூக்க ஒரு தள்ளுவண்டி என்று அவள் பட்டறையே அதற்குள்தான் இருந்தது. வாங்கிய நாளில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்து, மூன்று வண்டியும் ஒரே பேரில், ஒரே தேதியில் இருந்தால் வீட்டுக்கே சலுகை கிடைக்கும், செலவு குறையும் என்றார். “யார் பேர்ல இருந்தா என்ன, எல்லாம் ஒரே வீடுதான” என்றான் புருஷன். இவளும் தலையாட்டினாள். வேன் மாமனார் பேருக்குப் போனது. ஏமாந்தது அங்கேதான், ஆனால் அது தெரிய எட்டு வருஷம் ஆனது.

அன்றைக்கு மத்தியானம் நல்ல மழை. இவள் ஒரு அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில், மிஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே படாரென்று சத்தம். காவல்காரர் நனைந்துகொண்டே மேலே ஓடிவந்து, “அக்கா, உங்க வண்டி மேல மரம் விழுந்துருச்சு” என்றார். எட்டிப் பார்த்தாள். பாதி மரம் வேனின் கூரையை அமுக்கிக்கொண்டு கிடந்தது. முன் கண்ணாடி மொத்தமும் போயிருந்தது. அவள் பதறவில்லை. இன்சூரன்ஸ் இருக்கிறதே, எதற்குப் பதற வேண்டும்? பிரித்த மிஷினைப் பூட்டி, ஓடவிட்டுப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டுதான் ஏஜென்டுக்குப் போன் போட்டாள்.

அவர் மென்று முழுங்கினார். “அது வந்து மேடம்... உங்க வண்டிக்கு இப்ப தேர்ட் பார்ட்டி மட்டுந்தான் இருக்கு.”

அதாவது, இவள் வண்டி யாரையாவது இடித்தால் அவருக்குக் கிடைக்கும். இவள் வண்டிக்கு என்ன ஆனாலும் சல்லிக்காசு வராது.

“எப்பலேர்ந்து?”

“நாலு மாசமா. ரெனியூவல் தொகை ஏறிப்போச்சு, எங்கயாவது குறைங்கன்னு ஐயா சொன்னாரு.”

“கார்ல குறைச்சீங்களா?”

“இல்ல மேடம். காருக்கு ஃபுல்.”

“ஸ்கூட்டருக்கு?”

“அதுக்கும் ஃபுல்தான். நீங்க இத்தனை வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டறீங்க, உங்களுக்கு எதுக்குன்னு ஐயாதான்...”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“வண்டி ஐயா பேர்ல இருக்கு மேடம். கையெழுத்து அவரோடதுதான் வேணும்.”

அவள் மூச்சை இழுத்துவிட்டாள். “சும்மா நிக்கிற காருக்குக் கம்மியா எதுவும் கிடையாதா?”

“இருக்கு. தீ, திருட்டுக்கு மட்டும் எடுக்கலாம். அப்படி எடுத்திருந்தா உங்க வேனுக்கு ஃபுல் போட்டும் மிச்சம் வந்திருக்கும்.”

“அதை அன்னைக்கு ஏன் சொல்லல?”

“ஐயா மனசு சங்கடப்படுமேன்னு...”

ஐயாவின் மனசாம். ஊரெல்லாம் ஓடி உழைக்கிற வண்டியை அம்போவென்று விட்டுவிட்டு, தூங்குகிற காரின் மனசை இரண்டு ஆண்பிள்ளைகள் உட்கார்ந்து காப்பாற்றியிருக்கிறார்கள். அவள் போனை வைத்தாள். வேனை இழுத்துப்போன மெக்கானிக், கூரைச் சட்டம் வளைந்துவிட்டது, கைக்காசு போட்டுச் செய்தாலும் ஒரு மாசமாகும் என்றார். அந்த வாரத்துக்கு மட்டும் பதினோரு வீடுகள் அவளுக்காகக் காத்திருந்தன. தள்ளுவண்டியையும் மோட்டாரையும் தலையில் தூக்கிக்கொண்டா போக முடியும்? அதற்குள் இரண்டு பேர் வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டில் மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஏஜென்ட் மூலம் விஷயம் முன்னாலேயே அவர் காதுக்கு வந்துவிட்டது.

“மரம் விழும்னு யாரும்மா கண்டா?”

“அதுக்குத்தான மாமா இன்சூரன்ஸு.”

“உன் மேல இருக்கற நம்பிக்கையிலதான் குறைச்சேன். நீதான் நல்லா ஓட்டுவியே.”

“நான் நல்லா ஓட்டுவேன், சரி. மரம் நல்லா நிக்கும்னு யாரு சொன்னா?”

புருஷன் நடுவில் வந்தான். “விடேன். அப்பாவுக்கு பிபி ஏறிடும்.”

“எனக்கு ஏறாதா? உங்களுக்கு இது தெரியுமா தெரியாதா, அதை மட்டும் சொல்லுங்க.”

அவன் ஸ்கூட்டர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தெரியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இடித்துத் தள்ளிவிட்டு வந்து நிற்பவனுக்குத்தான் இந்த வீட்டில் பாதுகாப்பு கிடைக்கும். ஒழுங்காக ஓட்டியதுதான் அவள் செய்த தப்பு. அவள் உள்ளே போனாள்.

மறுநாள் காலை மாமனார் துடைக்கிற துணியோடு வெளியே வந்தபோது காரின் போர்வை மடித்துத் திண்டில் வைத்திருந்தது. பின் சீட்டில் இரண்டு மோட்டார், பழுப்புத் தண்ணீர் சொட்டும் குழாய்கள், தள்ளுவண்டி. மெக்கானிக் ஷெட்டிலிருந்து எல்லாவற்றையும் முந்தின சாயங்காலமே எடுத்து வந்திருந்தாள். எப்போதும் ஆணியில் தொங்கும் கார்ச் சாவி அவள் கையில் இருந்தது.

“எங்கம்மா கிளம்பற?”

“வேலைக்கு மாமா. வேன் சரியாகற வரைக்கும் இதுதான். டேபிள்ல ஒரு ஃபார்ம் வெச்சிருக்கேன், வேனை என் பேருக்கு மாத்தறதுக்கு. கையெழுத்து போட்டுடுங்க.”

அவர் சீட்டில் ஊறும் ஈரத்தையே பார்த்தார். குரல் தழைந்துபோயிருந்தது. “அது இத்தனை வருஷமா ஒரு கீறல் படாத வண்டிம்மா.”

“என் வண்டியும் அப்படித்தான் இருந்துச்சு.”

அவள் கதவைச் சாத்தினாள். எஞ்சின் ஒரே திருகில் பிடித்தது. கேட்டுக்கும் காருக்கும் நடுவே இருபுறமும் ஒரு சாண் இடம்தான். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே எங்கும் உரசாமல் பின்னால் எடுத்தவள், தெருவுக்கு வந்ததும் ஜன்னலை இறக்கினாள்.

“பயப்படாதீங்க மாமா. இதுக்கு ஃபுல் இருக்கு. அது போக, நான்தான் நல்லா ஓட்டுவேனே.”