கை சூடாக்கும் கேம் பெட்டி

சின்னக்கானல் பக்கம் ஜீப் ஓட்டுகிறவனுக்கு ஓட்டுவதைவிடக் காத்திருப்பதுதான் பெரிய வேலை. பனி விலகட்டும் என்று சுற்றுலாக்காரர்கள் டீயும் கையுமாக நிற்பார்கள். பனி அவர்களுக்குப் போக்குக் காட்டிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தைப் போக்கத்தான் மூணாறில் ஒருவர் உபயோகித்த கேம் பெட்டியை வாங்கினேன். நாற்பத்தாறு வயதில் விளையாட்டுச் சாமானா என்று ஜீப் ஸ்டாண்டே சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது இரவல் கேட்டார்கள்.

இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும் அகலம். விளையாட்டு மட்டுமில்லை, பாட்டு, சினிமா, படிக்கப் புத்தகம் எல்லாம் அதற்குள். டிவியில் மாட்டினால் வீட்டுக்குள் தியேட்டர். நான் ஜீப்பை நிறுத்தும், சிக்னலே இல்லாத மலைச்சாலை வளைவிலும் தன் பாட்டுக்கு ஓடும். அரைமணி நேரம் ஆனால் பெட்டியின் முதுகு சுட ஆரம்பித்துவிடும். வெயில் ஊர்க்காரர்கள் அதைக் குறை என்பார்கள். விரல் விறைக்கும் எங்களுக்கு அது வரம்.

குறை இல்லாமல் இல்லை. மணிக்கட்டு வலிக்கும், இரண்டு மணி நேரத்தில் சார்ஜ் இறங்கிவிடும். ஹெட்போனை மாட்டினால் உலகம் காணாமல் போய்விடும். இதை மட்டும் நான் குறையில் சேர்க்கவில்லை. எனக்குப் பிடித்த விளையாட்டில் மழைக்கோட்டு போட்ட குட்டி உருவம் ஒன்று பனிக்காட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கும். கண்ணாடிக்கு வெளியேயும் பனி, கைக்குள்ளும் பனி. சில சமயம் எந்தப் பனிக்குள் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்து, சுகமாக இருக்கும்.

யானை இறங்கினால் எங்கள் மலையில் கூவுவது வழக்கம். கீழ் வளைவில் இருப்பவர் நீளமாக மூன்று முறை கூவினால், கேட்டவர் அதை அப்படியே மேலே அனுப்ப வேண்டும். யார், எங்கே என்ற விசாரணையெல்லாம் பிறகுதான். என் வளைவுக்கு மேலேதான் என் மனைவி கொழுந்து பறிக்கும் தேயிலைக் காடு. வேலை விட்டதும் குறுக்குப் பாதையில் இறங்கி என் ஜீப்புக்கு வருவாள்.

அன்று மாலை நாலு மணி இருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு விளையாட்டில் கிடந்தேன். சார்ஜ் தீர்ந்து திரை கறுத்தபோதுதான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தேன். வெளியே அவள் நின்றிருந்தாள். முகத்திலும் சேலையிலும் சேறு. அவளுக்குப் பின்னால் கீழ் வளைவு டீக்கடைக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“எத்தன வாட்டி கூவுனேன். மேல சொல்லலையாய்யா நீ?”

கதவைத் திறந்துவிட்டேன். அவள் ஏறி உட்கார்ந்தாள்.

வீட்டில் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். காலைக் கழுவிக்கொண்டே சொன்னாள். யானையை அவள் சாமி என்றுதான் சொல்வாள்.

“பாதி வழியில சாமி நின்னுச்சுங்க. இருபதடிகூட இருக்காது. தண்ணி போற கானுக்குள்ள படுத்துட்டேன். சாமிக்கு அந்தப் பக்கம் நம்ம ஜீப்பு. பனி லேசா வெலகுச்சு. கண்ணாடிக்குள்ள கலர் கலரா வெளிச்சம். நீங்க சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க.”

குட்டி உருவம் சேற்றில் வழுக்கி விழுந்ததற்குச் சிரித்தேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

“நாளைக்கே அத வித்துப்புடுறேன்” என்றேன்.

“விக்காதீங்க. அந்த வெளையாட்டு முடிஞ்சிரக் கூடாதுன்னுதான் படுத்துக்கிட்டே வேண்டிக்கிட்டேன். நிமிந்து பாத்திருந்தா நீங்க எறங்கி ஓடி வந்திருப்பீங்க. சாமி திரும்புறவரைக்கும் எனக்கு அந்த ஒரு பயந்தான்.”

ஓடித்தான் போயிருப்பேன். ஆனால் கூவலைக் கேட்டு மேலே அனுப்பியிருந்தால், அவள் அந்தப் பாதையில் இறங்கியே இருக்க மாட்டாள். இதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பெட்டி இன்னும் ஜீப்பில்தான் இருக்கிறது. மூன்றரை ஆனதும் அணைத்து வைத்துவிடுகிறேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, அவள் வந்து சேரும்வரை வெறுங்கையோடு குளிரில் உட்கார்ந்திருக்கிறேன்.