சேலத்துப் பெட்ரோல்

வாடகைக் கார்த் தொழிலில் பாதி நேரம் ரோட்டைப் பார்க்கிறோம். மீதி நேரம் பெட்ரோல் டாங்குக்குள் எட்டிப் பார்க்கிறோம். இந்த யுத்த காலத்தில் கார் வைத்துப் பிழைக்கும் வீட்டுப் பெண்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கூப்பனுக்குக் கிடைக்கிற பெட்ரோல் மாசத்தில் பாதியைத் தாண்டுவதற்குள் நம் உயிர் பாதியாகிவிடுகிறது. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பையன் தூங்கிவிட்டான். லாந்தரைப் பெட்ரோல் டின்னுக்கு எட்டாத கோடியில் வைத்துக்கொண்டு, ஒரு காதை அவன் மூச்சுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுடையது நாமக்கல்லில் ஓடுகிற சின்னக் கார். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். கல்யாண மாசத்தில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். பெட்ரோல் அளவு காட்டும் முள் அதில் கிடையாது. மூடியைத் திறந்து ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் குச்சியில் கத்தியால் ஒரு வெட்டு போட்டு வைத்திருக்கிறேன். வெட்டுக்கு மேலே உள்ளது எங்கள் பிழைப்பு. கீழே உள்ளது சேலத்துப் பெட்ரோல்.

என் மகன் ராசுவுக்கு இழுப்பு உண்டு. மாசியில் ஒருநாள் மூச்சு வாங்கி வாங்கி உதடு நீலமாகிவிட்டது. சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஊசி போட்டுக் காப்பாற்றினார். இனி வந்தால் வழியில் எங்கேயும் நிற்காமல் நேரே இங்கே கொண்டு வா என்றும் சொன்னார். அன்று டாங்கில் பெட்ரோல் இருந்தது வெறும் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பிப் பிள்ளை வளர்க்க எனக்குத் தைரியம் இல்லை. மறுநாளே வெட்டு போட்டேன். அதற்குப் பிறகு ஒரு காலன் பெட்ரோலுக்கு எத்தனை மைல் என்பதே எனக்குப் பைத்தியமாகிவிட்டது. சூரமங்கலத்து ரயில்வே குமாஸ்தா மகளான என்னைக் கான்வென்டில் சேர்த்ததும், கன்னியாஸ்திரீகள் பின்னக் கணக்கு சொல்லிக் கொடுத்ததும் இதற்குத்தான் போலும்.

ஏற்காட்டுக் குளிர்

இந்தக் காரை என் வீட்டுக்காரர் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துத் துரையிடமிருந்து வாங்கினார். ‘சோக்’ என்கிற குமிழைக் காட்டி, தினமும் கிளப்பும்போது இதை இழுத்துவிடு, எஞ்சின் சூடான பிறகு உள்ளே தள்ளு என்று துரை சொல்லியிருக்கிறார். இவரும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு மலையிறங்கிவிட்டார். நாமக்கல்லுக்கு வந்து சித்திரை வெயிலிலும் குமிழை இழுப்பார். எஞ்சின் சூடாயிற்றா என்று யாருக்குத் தெரியும்? சந்தேகத்துக்கு மோகனூர் ரோடு திரும்பும்வரை இழுத்தபடியே வைத்திருப்பார். பின்னால் கரும்புகை கிளம்பும். அது காரின் சுபாவம் என்று நினைத்திருந்தோம்.

காரோடு வந்த இங்கிலீஷ் கைப்புத்தகத்தை ஒருநாள் ராசுவுக்குப் பால் புகட்டிக்கொண்டே படித்தேன். சோக்கை இழுத்தால் காற்று குறைந்து பெட்ரோல் கூடுதலாய்ப் போகும், குளிர் தேசத்தில்தான் அது தேவை என்று போட்டிருந்தது. ஏற்காட்டுக் குளிருக்கு உண்டான பெட்ரோலை அல்லவா நாமக்கல் வெயிலில் புகையாக விட்டுக்கொண்டிருந்தோம்! மறுநாள் குமிழைத் தொடாமலே இவர் காருக்கு முன்னால் நின்று எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுழற்றினார். இரண்டாம் சுற்றில் கிளம்பிவிட்டது. புகையே இல்லை. வழக்கமாக எங்கள் காரில் போகும் வெல்ல மண்டிக்காரர் ஏறாமல் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“என்னங்க, இன்னைக்குச் சாம்பிராணி போடலீங்களா?”

பாச்சை உருண்டை

சோக்கில் ஜெயித்ததும் இவருக்கும் என் பைத்தியம் தொற்றிக்கொண்டது. ராசிபுரத்து ஜவுளிக்காரர் ஒருவர், துணிப் பெட்டியில் போடுகிற பாச்சை உருண்டை நாலைப் பெட்ரோலில் போட்டால் கார் பறக்கும் என்று சொல்லியிருக்கிறார். இவர் ஒரு பொட்டலம் வாங்கி வந்து, என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன் என்று தெரிந்து, கேட்காமலே போட்டுவிட்டார்.

கார் பறக்கவில்லை, இருமியது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. அதைவிட எனக்குப் பயம், அந்த நெடி ராசுவுக்கு ஆகாது என்பது. அவனைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடிவிட்டேன். இவர் டாங்கைக் காலி செய்து, துணியில் வடிகட்டி, பிளக்கைத் தேய்த்து, அன்று சாயந்திரம் ஒரு கல்யாண வீட்டுச் சவாரிக்குப் போனார். நெடி மட்டும் போகவில்லை. பின் சீட்டில் இருந்த மாப்பிள்ளையின் அத்தை காரைவிட்டு இறங்கும்போது ரொம்பத் திருப்தியாகச் சொன்னாராம்:

“உங்க காரு பொட்டிக்குள்ள வச்ச பட்டுச்சீலையாட்டம் மணக்குதுங்க, பூச்சி அரிக்காது.”

இடுப்பில் பிள்ளை, கையில் கார்

இதைப் படிக்கிற நீங்கள் நாளைக் காலையிலேயே செய்து பார்க்கலாம். காரைச் சமதரையில் நிறுத்தி, கியரை விலக்கிவிட்டு, ஒற்றை ஆளாய்த் தள்ளிப் பாருங்கள். சின்னக் கார் என்றால் நகர வேண்டும். நான் ராசுவை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளினேன். மலைக்கோட்டையைத் தள்ளுவதுபோல் இருந்தது. நாலு சக்கரத்தில் ஒன்றில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஓடிவந்த பிறகு தொட்டால் அந்தச் சக்கரம் மட்டும் தோசைக்கல்லாய்ச் சுடும். எத்தனை நாளாய் ஒரு காலைக் கட்டிக்கொண்டு ஓடியதோ, பாவம்.

இவர் பிரேக்கைத் தளர்த்தி, அச்சுக்கு மசகு வைத்து, தொய்ந்துபோன டயர்களுக்குப் பம்பில் காற்றடித்தார். பிறகு நான் தள்ளினேன். நம்பமாட்டீர்கள், ஒரு கையால் தள்ளினேன், நகர்ந்தது. முன்னுக்குத் தள்ளினேன், பின்னுக்கு இழுத்தேன். ராசு சிரித்தான். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அந்த வாரம் குச்சியை விட்டுப் பார்த்தால் வெட்டுக்கு மேலே இவ்வளவு ஈரம் நான் கண்டதே இல்லை. எதிர்வீட்டு அக்கா சாணிக் கூடையோடு நின்று இந்தக் கூத்தைப் பார்த்திருந்தார்.

“அம்மணி, எங்கூட்டு மாடே தள்ளுனா நவுராது, நீ என்ன தொட்டில் ஆட்டறாப்பல ஆட்டற?”

“போயிட்டு வாரேனுங்க”

அப்படியும் சில சவாரிகளில் பெட்ரோல் காணாமல் போனது. ரோடு அதே ரோடு, தூரம் அதே தூரம். விசேஷ வீட்டுச் சவாரி என்றால் மட்டும் குச்சி காய்ந்து வரும். டாங்கில் ஓட்டையோ என்று இவர் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. கடைசியில் ஒருநாள் நானே கூடப் போனேன். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒரு கவுண்டர் வீட்டில், மகளைப் பிள்ளையோடு புருஷன் ஊருக்கு அனுப்புகிறார்கள். துணைக்கு ஒரு பெண் வந்தால் நல்லது என்றார்கள்.

அங்கேதான் திருடனைப் பிடித்தேன். மகள் ஏறி உட்கார்ந்தாள். இவர் கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பினார். “போயிட்டு வாரேனுங்க” என்றாள். உடனே அம்மாவுக்கு ஒரு வாழைத்தார் ஞாபகம் வந்தது. அதைக் கட்டியதும் மறுபடி “வாரேனுங்க”. பெரியம்மாவிடம் சொல்லவில்லையே என்று இறங்கினாள். பெரியம்மா பிள்ளைக்குத் திருநீறு வைக்க வந்தவர், மாப்பிள்ளை சௌக்கியத்தை முதலிலிருந்து விசாரித்தார். வெற்றிலைக் கட்டு வந்தது. மூன்றாம் தரம் “வாரேனுங்க”. அத்தனை நேரமும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அணைக்கலாமே என்று இவரிடம் கண்ணைக் காட்டினேன். அணைத்துவிட்டு மறுபடி சுழற்றும்போது ஒருதரம் கிளம்பாமல் போனால் சகுனத் தடை, எல்லோரும் இறங்கி உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு முதலிலிருந்து புறப்பட வேண்டும் என்றார். எங்கள் சீமையில் எந்த டிரைவரும் விடைபெறும்போது எஞ்சினை அணைப்பதில்லையாம். யோசித்துப் பாருங்கள்: ஓடாமலே இத்தனை மைல்!

வீட்டு வாசல் வாய்க்கால் பக்கம் சரிந்திருந்தது. நான் இறங்கிப்போய்க் கவுண்டரிடம், மகளை வண்டி இழுத்துப் போவதைவிடப் பிறந்த வீட்டார் கைதொட்டு அனுப்புவது நல்லதில்லையா என்று கேட்டேன். அவருக்கு அது பிடித்துவிட்டது. எஞ்சினை அணைத்தோம். ஆற அமரச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தார்கள். பிறகு அண்ணன், தம்பி, சித்தப்பா எல்லாரும் கைவைத்துத் தள்ள, கார் சத்தமே இல்லாமல் சரிவில் உருண்டது. கொஞ்சம் வேகம் பிடித்ததும் இவர் கியரைப் போட்டார். எஞ்சின் தானாகப் பிடித்துக்கொண்டது. இப்போதெல்லாம் வேலூர்ப் பக்கம் எங்கள் காரைச் சரிவில்தான் நிறுத்தச் சொல்கிறார்கள். அந்தக் கவுண்டரே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்:

“சத்தமில்லாமப் போற வண்டிக்குச் சகுனத் தடையே கெடையாதுங்க.”

எருமப்பட்டிக்காரர்

மாசக் கடைசி. வெட்டுக்கு மேலே இருந்ததெல்லாம் தீர்ந்து, கார் வாசலில் சும்மா நின்றது. கூப்பன் ஒன்றாந்தேதிக்குத்தான். பகல் சாப்பாட்டு வேளைக்கு ஒருவர் சைக்கிளில் வந்து விழாத குறையாக இறங்கினார். ஊர் எருமப்பட்டி. மனைவிக்கு வலி கண்டு, பிள்ளை குறுக்கே நிற்கிறது, மாட்டு வண்டியில் ஏற்றினால் தாங்காது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாளாம். நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரவேண்டும்.

இவர் குச்சியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு நின்றார். எனக்கு இவர்மேல் கோபம் வந்தது. வெட்டு போட்டவள் நான். முடியாது என்று நான்தான் சொல்ல வேண்டும். ராசுவைப் பார்த்தேன், அந்த மனிதரைப் பார்த்தேன். போய்விட்டு வாங்க என்றேன். கார் தெருமுனை திரும்பும் முன்பே, ஏன் சொன்னோம் என்று ராசுவைத் தூக்கி அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். பொழுது சாயும் முன்பு எருமப்பட்டிக்காரரே சேதி சொல்ல வந்தார். அழுகையும் சிரிப்புமாக நின்றார்.

“ரண்டு உசுரும் பொழச்சுதுங்க. இன்னம் எத்தனை உசுருக்கு உங்க காருல எண்ணெய் இருக்குதுங்க?”

மெதுவாக

அந்தக் கேள்விக்குப் பதில் மறுநாள் காலையிலேயே தேவைப்பட்டது. ராசுவுக்கு இழுப்பு வந்துவிட்டது. விலா உள்ளே போய்ப் போய் வருகிறது. பெட்ரோல் கடைக்காரர், கூப்பன் இல்லாமல் ஒரு சொட்டு தந்தால் கடையை மூடிவிடுவார்கள் என்று கும்பிட்டுவிட்டார். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ் எப்போது வரும், எங்கே நிற்கும் என்று அதற்கே தெரியாது. குச்சியை விட்டேன். வெட்டுக்கு எவ்வளவோ கீழே ஈரம்.

அப்போதுதான் தோன்றியது: அந்த வெட்டைப் போட்ட நாளில் இருந்த கார் வேறு. அது சாம்பிராணி போட்ட கார். ஒரு காலைக் கட்டிக்கொண்டு ஓடிய கார். இந்தக் கார் வேறு. மனசுக்குள் பின்னம் போட்டேன். சேலம்வரைக்கும் மயிரிழையில் கணக்கு எட்டியது, ஆனால் ஒரே நிபந்தனை. மணிக்கு இருபத்தைந்து மைலுக்கு மேல் போகக்கூடாது. கைப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது; வேகம் ஏற ஏற அது குடிப்பதும் ஏறும். பின்சீட்டு மெத்தை, உபரிச் சக்கரம், ரிப்பேர்ச் சாமான் பெட்டி எல்லாவற்றையும் வாசலிலேயே எறிந்தோம். எதிர்வீட்டு அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளிவிட்டார்.

சகோதரிகளே, அந்தப் பயணத்தை எப்படிச் சொல்வேன்? புதுச்சத்திரத்தில் ஆட்டு மந்தைக்குப் பின்னால் ஊர்ந்தபோது ஒரு சைக்கிள்காரன் எங்களைத் தாண்டிப் போனான். மடியில் பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறான். வேகமாப் போங்க என்று நாக்கு நுனியில் நிற்கிறது. இவருக்கும் கால் துடிக்கிறது. ஸ்டீரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்துவிட்டன. ராசிபுரம் பிரிவு தாண்டியதும் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “அம்மணி, நீ சொன்னா மிதிச்சுப் போடறேன்” என்றார். நான் சொன்னேன்: “இப்படியே போங்க.” என் குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருந்தது. மல்லூர்ப் பக்கம் சரிவு வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டார். சத்தம் நின்று கார் உருண்டபோது ராசுவின் மூச்சு முழுசாய்க் காதில் விழுந்தது. விசில் போல், நூல் போல். நூல் அறவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே சேலம் போய்ச் சேர்ந்தேன்.

டாக்டரம்மா ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் விலா அடங்கியது, உதடு சிவந்தது, பசிக்கு அழுதான். அப்படி ஒரு இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை. மாசக் கடைசியில் பெட்ரோல் ஏது என்று டாக்டரம்மா கேட்டார். அவருடைய கார் வாரக்கணக்காய்க் கொட்டகையில் கிடக்கிறதாம். சோக், பிரேக், சரிவு எல்லாவற்றையும் அழுதுகொண்டே ஒப்பித்தேன். இவர் வாசலுக்குப் போய்க் குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு வந்து, நுனி ஈரத்தைக் காட்டினார். டாக்டரம்மா அந்த நுனியை மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இவன் மூச்சு விடறதை நான் பாத்துக்கறேன், என் காரு குடிக்கறதை நீ வந்து பாரு.”

பெட்ரோலை மிச்சம் பிடிக்க இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட வித்தைகளில் எதற்கும் பெரிய சாமர்த்தியம் வேண்டாம், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு புருஷனிடம் மெதுவாகப் போங்க என்று சொல்கிற அந்த ஒன்றைத் தவிர.